நாலு சின்னப் பேனலா, ஒரே பெரிய பேனலா? படப்பிடிப்புக்கு இணைப்பு எல்.ஈ.டி. விளக்குகள்

அரைஇருட்டு:
வணக்கம். ஒளிப்பதிவு உதவியாளராக இருக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து எங்கள் குறும்படங்களுக்கு என்று ஒரு விளக்குத் தொகுப்பு வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம். ஒரு வழி, இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஒரே பெரிய எல்.ஈ.டி. பேனல். இன்னொரு வழி, ஓரடிச் சதுரத்தில் நாலு சின்னப் பேனல்கள். கிளிப் போட்டுச் சேர்த்தால் பெரிய சதுரம், வரிசையாக வைத்தால் நீளப் பட்டை, பிரித்தால் நாலு தனி விளக்கு.

கேட்டதும் இரண்டாவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. ஆனால் நான் வேலை பார்க்கும் கேமராமேன் "சேர்க்கிற பொருளில் சேருகிற இடம்தான் தொல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டார். மேற்கொண்டு கேட்க முடியவில்லை. நாங்கள் எடுப்பது பெரும்பாலும் சின்ன அறைகளில், இரண்டு மூன்று நடிகர்களோடு, நேரடி ஒலிப்பதிவில். நாலு பேனல் சேர்ந்தால் வெளிச்சம் நாலு மடங்கு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். உண்மைதானா?

பழைய_லைட்மேன்:
பொய்யில்லை தம்பி. ஆனால் ஒளிமீட்டரை எங்கே வைத்து அளக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் இரட்டித்தால் ஒரு ஸ்டாப், நாலு மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப். 30 செ.மீ. சதுரப் பேனல், முகப்பு முழுக்கச் சீராக வெளிச்சம் பரப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டரில் ஒன்றிலிருந்து நாலுக்குப் போனால் சுமார் 1.9 ஸ்டாப் ஏறும். 50 செ.மீ. தூரத்தில் 1.6. இன்னும் நெருங்கி 30 செ.மீ.க்கு வந்தால் 1.2 தான். கிட்டே வர வர, விளக்கின் ஓரங்கள் முகத்துக்குச் சாய்வாகப் போய்விடுகின்றன, முகத்திலிருந்து அவற்றின் தூரமும் கூடிவிடுகிறது. "தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்" என்று நாம் மனப்பாடம் செய்தது புள்ளி மாதிரி இருக்கிற விளக்குக்கு. விளக்கின் அகலத்தைப் போல் ஐந்து மடங்காவது தள்ளி நின்றால்தான் அந்தக் கணக்கை நம்பலாம்.

அதெல்லாம் போகட்டும். நான் நாலு பேனலைச் சேர்ப்பது வெளிச்சம் கூட வேண்டும் என்பதற்காக அல்ல, விளக்கைப் பின்னால் தள்ளுவதற்காக. ஒரு பேனலை நடிகரிடமிருந்து 1 மீட்டரில் வையுங்கள். நாலைச் சேர்த்து 2 மீட்டரில் வையுங்கள். முகத்தில் விழும் வெளிச்சமும் அதே, நிழலின் மென்மையும் அதே. முகத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரியும். அப்புறம் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நடிகர் அரை மீட்டர் பின்னால் நகரட்டும். முதல் அமைப்பில் 1 மீட்டர் 1.5 ஆகும், வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்கு மேலே இறங்கிவிடும். இரண்டாவதில் 2 மீட்டர் 2.5 ஆகும், இறக்கம் 0.6 ஸ்டாப் சொச்சம்தான். நடிகர் எழுந்து, நடந்து, உட்கார்ந்து வசனம் பேசும் காட்சி என்றால் இந்த வித்தியாசம்தான் உங்களைக் காப்பாற்றும்.

சின்ன அறை என்று சொன்னீர்கள். அங்கே இதுவே எதிரியும் ஆகும். தள்ளி வைத்த விளக்கு பின்சுவரையும் அதே அளவுக்கு நனைத்துவிடும். சுவர் இருட்டாக வேண்டுமென்றால் ஒற்றைப் பேனலைக் கிட்டே கொண்டு போங்கள். ஒரே பெரிய பேனல் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் கைக்கு வரும்.

அரைஇருட்டு:
அண்ணா, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. மென்மை, பிரகாசம் இரண்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் நாலு பேனல்தான் என்று முடிவு செய்துவிடலாமா?

கலர்மேசை:
கொஞ்சம் பொறுங்கள். நிறத்திருத்த மேசையில் உட்கார்ந்திருப்பவன் பேசுகிறேன். உங்கள் கேமராமேன் சொன்ன "சேருகிற இடம்" கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும்.

ஒரு நேர்காணல் படம் வந்தது. ஒரே மாடல் பேனல் இரண்டு, முகத்தின் இரு பக்கமும். இரண்டிலும் 5600 கெல்வின் என்றுதான் காட்டியிருக்கிறது. படத்தில் இடது கன்னம் லேசாக ரோஸ், வலது கன்னம் லேசாகப் பச்சை. பேசுகிறவர் தலையை ஆட்டி ஆட்டிப் பேசும் வழக்கம் உள்ளவர். இரண்டு நாள் முகத்தைப் பாதியாக வெட்டி மாஸ்க் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். பிறகு விசாரித்தால், ஒரு பேனல் மற்றதைவிட ஒன்றரை ஆண்டு கழித்து வாங்கியது.

எல்.ஈ.டி. வெள்ளை என்பது பிறவி வெள்ளை கிடையாது. 450 நானோமீட்டர் பக்கத்தில் ஒளிரும் நீலச் சில்லு, அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. இரண்டும் கலந்துதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சு ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் நிறம் சாயும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் சில்லுகளை நிறவாரியாகத் தனித்தனிப் பிரிவுகளாக அடுக்குகிறார்கள். நல்ல நிறுவனம் குறுகிய பிரிவிலிருந்து மட்டும் எடுக்கும். அப்படியும் வேறு வேறு தொகுதியில் வந்த பேனல்கள் முழுசாக ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

கெல்வின் எண் நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும்தான் சொல்லும். பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே உள்ள சாய்வுக்குத் தனி அளவு இருக்கிறது, டியூவி என்பார்கள். அது பிளஸ்ஸில் இருந்தால் பச்சை, மைனஸில் இருந்தால் ரோஸ். தோலில் கண் உடனே பிடிப்பது இந்தச் சாய்வைத்தான்.

ஒரே பெரிய பேனலுக்குள்ளும் இந்த வித்தியாசம் இருக்கும். ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான சில்லுகள் கலந்து சராசரியாகிவிடும், எந்தச் சில்லு பச்சை என்று யாருக்கும் தெரியாது. நாலு பேனலைப் பிரித்து நாலு மூலையில் வைக்கும்போது அந்தச் சராசரி உடைந்துபோகிறது.

சட்டகம்64:
நாங்கள் வைத்திருக்கும் பேனல்கள் எல்லாமே, நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண்ணில் 96. இந்த மாதிரிச் சிக்கல் எதுவும் வந்ததில்லையே. கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ?

கலர்மேசை:
சி.ஆர்.ஐ. 96 உள்ள இரண்டு விளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் வேறு நிறமாகத் தெரியலாம். அந்த எண் ஒரு விளக்கை அதன் நிற வெப்பநிலைக்குரிய மாதிரி ஒளியோடுதான் ஒப்பிடுகிறது. பக்கத்து விளக்கைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. அதோடு அது 8 மங்கலான வண்ணத் துண்டுகளின் சராசரி. அழுத்தமான சிவப்பான ஆர்9 அந்த எட்டில் இல்லை. தோலுக்கு முக்கியமானதே அதுதான்.

2012இல் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் டி.எல்.சி.ஐ. என்ற அளவைப் பரிந்துரைத்தது. மனிதக் கண்ணுக்குப் பதில் கேமரா எப்படிப் பார்க்கும் என்று கணக்கிடுவது. அதுவும் ஒரு குறிப்பிட்ட மாதிரிக் கேமராவை வைத்துத்தான். ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி கொண்டுவந்த எஸ்.எஸ்.ஐ.தான் நம் வேலைக்கு அதிகம் உதவும். கண், கேமரா எதையும் நடுவில் இழுக்காமல், ஒளியின் நிறமாலையையே இன்னொன்றின் நிறமாலையோடு ஒப்பிடும். முழுப் பொருத்தம் என்றால் 100. ஒரு பேனலை அளவுகோலாக வைத்து மற்ற மூன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சட்டகம்64:
சரி, ஒத்துக்கொள்கிறேன். நிறமாலை மீட்டர் எங்களிடம் இல்லை என்பதால் சிக்கலும் இல்லை என்று இருந்துவிட்டோம் போல.

கலர்மேசை:
மீட்டர் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. சாம்பல் அட்டை ஒன்றை வையுங்கள். கேமராவில் வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிடுங்கள், தானியங்கியில் இருக்கவே கூடாது. ஒவ்வொரு பேனலாக, அதே இடத்தில், அதே தூரத்தில் எரியவிட்டு, கேமரா நிறத்தைத் திருத்தாத ரா கோப்பில் எடுங்கள். கணினியில் நாலையும் பக்கத்தில் வைத்து, சிவப்பு, நீலத்தோடு ஒப்பிடும்போது பச்சை எவ்வளவு என்று பாருங்கள். அட்டையிலேயே வித்தியாசம் தெரிந்தால் முகத்தில் நிச்சயம் தெரியும். இதை 100 சதவீதத்தில் மட்டும் செய்யாதீர்கள், 10 சதவீதத்திலும் செய்யுங்கள். சில பேனல்கள் குறைக்கும்போதுதான் சுயரூபத்தைக் காட்டும். அப்புறம், எரியவிட்ட உடனே எடுக்க வேண்டாம். சில்லு சூடானால் நிறம் கொஞ்சம் நகரும். இருபது நிமிடம் எரியட்டும்.

ஒலிப்பெட்டி:
நேரடி ஒலிப்பதிவு என்ற சொல்லைப் பார்த்ததும் ஓடி வந்தேன். முன்னே டங்ஸ்டன் விளக்கு சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு சேர்த்து முன்பக்கமாகவே வீசிவிடும், நடிகருக்குத்தான் வியர்க்கும். எல்.ஈ.டி.யில் சூடு சில்லின் பின்னால் தங்கிவிடுகிறது. அதை உலோகத் தகடு இழுத்து வெளியே விட வேண்டும், போதவில்லை என்றால் விசிறி. நாலு பேனல் என்றால் நாலு விசிறி. நாலும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் சுற்றாது. சுருதி கொஞ்சம் விலகிய இரண்டு தம்புரா சேர்ந்து வாசித்தால் எப்படி அலை அலையாக ஏறி இறங்குமோ, அந்த மாதிரி ஒரு முனகல் வரும். ஒரே சீரான இரைச்சலை மென்பொருளில் எடுத்துவிடலாம். ஏறி இறங்கும் இரைச்சல் வசனத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு போகவே போகாது.

விசிறி இல்லாத பேனல் கிடைத்தால் அதையே எடுங்கள். விசிறி உள்ளதில் "அமைதி முறை" இருந்தால், அதில் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள். அந்தக் குறைந்த அளவுதான் உங்களுக்கு உண்மையான அளவு.

அரைஇருட்டு:
குறிப்பெடுத்துக்கொண்டேன். கட்டுப்பாடு பற்றி யாராவது சொல்ல முடியுமா? விளக்குகளைக் கேபிள் வழியே கட்டுப்படுத்தும் டி.எம்.எக்ஸ். என்றாலே எனக்குப் பயம்.

மின்கம்பி:
பயப்பட அதில் ஒன்றும் இல்லை. ஒரு கேபிளில் 512 சேனல், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். விளக்குக்கு "உன் வேலை இத்தனையாம் சேனலிலிருந்து தொடங்குகிறது" என்று சொல்லி வைக்கிறோம். அதுதான் முகவரி. நாலு பேனலும் ஒரே விளக்கு மாதிரி நடந்துகொள்ள வேண்டுமா, நாலுக்கும் ஒரே முகவரி கொடுங்கள். தனித்தனியாக ஆட வேண்டுமா, தனித்தனி முகவரி.

மாட்டிக்கொள்வது பிக்சல் முறையில். பேனல் 16 பகுதியாகப் பிரிந்து எரியும், ஒவ்வொன்றிலும் 4 நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் 2 சேனல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேனலுக்கு 128. நாலு பேனலில் 512 தீர்ந்தது! ஐந்தாவது விளக்கை அந்தக் கேபிளில் மாட்டினால் முகவரிக்கு இடமே இல்லை. தீப்பொறி, தொலைக்காட்சி மினுக்கல் மாதிரி விளைவுகள் தேவைப்படாதவரை பிக்சல் முறைக்குள் போகாதீர்கள்.

ஒரு நிறத்துக்கு எதற்கு 2 சேனல் என்றால், 256 படி கேட்க நிறையத் தெரிந்தாலும், மெதுவாக இருட்டாகும் காட்சியின் கடைசிச் சில நொடியில் படிப்படியாக இறங்குவது கேமராவில் தெரியும். இரண்டு சேனலைச் சேர்த்தால் 65,536 படி. அப்போது வழுக்கிக்கொண்டு இறங்கும்.

கேபிள் சமாச்சாரம். மைக் கேபிளின் முனை சில விளக்குகளில் பொருந்தும், வேலை செய்வது போலவும் தெரியும். கேபிள் நீளம் கூடியதும் விளக்குகள் தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். டி.எம்.எக்ஸுக்கு என்றே உள்ள கேபிளை எடுங்கள். சங்கிலி போல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுங்கள், நடுவில் ஒய் போல் பிரிக்கக் கூடாது. கடைசி விளக்கில் 120 ஓம் முடிவுப் பிளக் மாட்டுங்கள். ஒரு வரிசையில் 32 விளக்குக்கு மேல் வேண்டாம். உங்களுக்கு நாலுதானே, அந்தக் கவலை இல்லை.

கம்பியில்லாக் கட்டுப்பாடு வசதிதான். ஆனால் முழுக்க அதையே நம்பி ஒரு கேபிள்கூட இல்லாமல் போகாதீர்கள்.

சட்டகம்64:
ஃப்ளிக்கர் பற்றி யாரும் பேசவில்லையே?

பழைய_லைட்மேன்:
அதற்குத்தான் வந்தேன். நிறைய எல்.ஈ.டி. விளக்குகள் குறைந்த வெளிச்சம் தருவது எப்படி? மிக வேகமாக அணைந்து அணைந்து எரிந்துதான். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால், அல்லது ஸ்லோமோஷன் எடுத்தால், கேமராவில் குறுக்குப் பட்டை ஓடும். நாலு பேனலும் ஒன்றுக்கொன்று ஒத்திசையாமல் அணைந்து எரிந்தால் பட்டைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அறையில் இருக்கும் வீட்டு பல்புகள் வேறு கதை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 24 ஃப்ரேம் எடுத்தால் ஷட்டரை 172.8 டிகிரியில் வையுங்கள், 1/50 நொடி கிடைக்கும், பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எனக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. 1987இல் தொடங்கிய கினோ ஃப்ளோ நிறுவனத்தின் நாலு குழல் விளக்குகளில் வேலை பார்த்த காலத்தது. வெளிச்சம் குறைய வேண்டுமென்றால் நாலு குழலில் இரண்டை அணைத்துவிடுவோம். நிறம் மாறாது, ஃப்ளிக்கர் வராது. குழலைக் கழற்றிக் கதவிடுக்கில் ஒட்டியும் வைப்போம், மின்பெட்டி தனியாக ஒரு மூலையில் கிடக்கும். இன்றைக்கு இணைப்பு விளக்கு என்று புதுசாகப் பேசுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆர்ரி நிறுவனம் 2015இல் ஸ்கைபேனல் என்ற எல்.ஈ.டி. விளக்கை ஒரே பெட்டியாகக் கொண்டுவந்து, 2023இல் ஸ்கைபேனல் எக்ஸ் என்று ஒன்று, இரண்டு, மூன்றாகச் சேர்க்கும்படி மாற்றியது. யோசனை சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

ஆக, நாலு பேனலையும் 10 சதவீதத்துக்கு இறக்குவதற்குப் பதிலாக இரண்டை அணைத்துவிட்டு மீதியின் சதவீதத்தைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். விளக்கின் பரப்பு பாதியாகும், நிழல் கொஞ்சம் கடினமாகும் என்பதை மறக்க வேண்டாம். அது பிடிக்கவில்லை என்றால் நாலையும் எரியவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்க முன்னால் வலைத்துணி.

கலர்மேசை:
இரண்டை அணைக்கும்போது பச்சையாக இருக்கிற பேனலை அணையுங்கள் :)

சட்டகம்64:
நாலைச் சேர்த்தால் நடுவில் கோடு விழுமே, அது முகத்தில் தெரியாதா?

பழைய_லைட்மேன்:
முகத்தில் தெரியாது, கண்ணில் தெரியும். அருகாமை ஷாட்டில் கருவிழிக்குள் நாலு கட்டமுள்ள ஜன்னல் ஒன்று மினுக்கும். மூக்குக்கண்ணாடி போட்ட நடிகர் என்றால் இன்னும் மோசம். சில காட்சிகளில் அது ஜன்னல் என்றே நம்பவைத்துவிடலாம், இரவுக் காட்சியில் முடியாது. அதற்கு மருந்து, முன்னால் வெளிச்சத்தைப் பரப்பும் ஒரு டிஃப்யூஷன் துணி. பேனல் மேலேயே ஒட்டிக் கட்டினால் பயனில்லை. ஒரு பேனலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை எவ்வளவு தூரமோ, குறைந்தது அந்த அளவு துணி தள்ளி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. உங்கள் பேனலுக்கு 30 செ.மீ. அதற்குள் நாலு வெளிச்சமும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

பேனல்களைப் பிரித்துத் தூரமாக வைத்துவிட்டு "எல்லாம் சேர்ந்து ஒரே மென்மையான வெளிச்சம்" என்று நினைக்காதீர்கள். பிரித்தால் நாலு நிழல்தான்.

மாட்டுவது பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைப் பேனலுக்கு, ஸ்டாண்டில் செருகும் பின் 16 மி.மீ. போதும். நாலைச் சட்டத்தில் சேர்த்தால் 28 மி.மீ. பின்னும் அதற்கேற்ற ஸ்டாண்டும் வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் தனிப் பாதுகாப்புக் கம்பி போடுங்கள். சட்டத்தைக் கட்டிவிட்டுப் பேனலை மறந்துவிடுகிறார்கள். கிளிப் விட்டுப்போனால் விழுவது பேனல்தான், சட்டம் அல்ல.

மின்கம்பி:
பேட்டரியில் ஓட்டுவதானால்: 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி என்றால் 98 வாட்-மணி. 60 வாட் பேனலை முழு வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் சொச்சம் ஓட்டும். 98 என்ற விசித்திரமான எண் ஏன் என்றால், விமானத்தில் அனுமதி கேட்காமல் கைப்பையில் எடுத்துப்போக 100 வாட்-மணிதான் வரம்பு. வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் பெரிய பேட்டரி ஒன்றைவிடச் சின்னது இரண்டு நல்லது. இந்த விஷயத்தில் நாலு பேனல் ஜெயிக்கிறது.

சட்டகம்64:
ஒரு குறும்புக் கேள்வி. இப்போது பின்னணிக்கு வைக்கிறார்களே எல்.ஈ.டி. சுவர், அதுவும் சின்னச் சின்னக் கட்டங்களைச் சேர்த்ததுதானே? அதையே விளக்காக வைத்துக்கொண்டால் என்ன?

கலர்மேசை:
வைத்துப் பார்த்தவர்களின் முகங்களைத்தான் நான் திருத்திக்கொண்டிருக்கிறேன். அந்தச் சுவரில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குறுகிய கீற்றுகள் மட்டும். நடுவே மஞ்சளும் ஆரஞ்சும் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். சுவர் கேமராவுக்குள் நேராகத் தெரியும்போது அழகாக இருக்கும், அதே ஒளி தோலில் பட்டுத் திரும்பும்போது தோல் ஒரு மாதிரி சிவந்து உயிரில்லாமல் போகும். வாகனக் கண்ணாடியில் ஓடும் பிரதிபலிப்புக்கு அது அற்புதம். முகத்துக்கு அம்பர், லைம், வெள்ளை எல்லாம் கலந்த விளக்கு தனியாக வேண்டும்.

அரைஇருட்டு:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், காரணம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் நாலு பேனல்களை ஒரு நாளுக்கு இரவல் வாங்கிச் சோதித்தோம்.

1 மீட்டரில் ஒன்றிலிருந்து நாலுக்குப் போனபோது ஒளிமீட்டரில் 1.8 ஸ்டாப் ஏறியது. அண்ணா சொன்னதற்கு மிகப் பக்கத்தில். நண்பனை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் சாயச் சொல்லி இரண்டு அமைப்பிலும் எடுத்தோம். ஒற்றைப் பேனலில் சாய்ந்ததும் முகம் அணைந்தது போல் ஆனது. நாலில் அப்படியே இருந்தது. ஆனால் பின்சுவரில் இருந்த காலண்டரின் தேதிவரை படிக்க முடிந்தது!

சாம்பல் அட்டைச் சோதனையில் மூன்று பேனல்கள் ஒத்துப்போயின. நாலாவது பச்சை. அதன் உள்மென்பொருள் மட்டும் பழைய பதிப்பு என்று பிறகு பார்த்தோம். புதுப்பித்ததும் பாதி சரியானது, மீதி போகவில்லை. 10 சதவீதத்தில் இன்னும் கொஞ்சம் மோசம். ஆகவே வாங்கும்போது நாலையும் ஒரே தொகுதியில், ஒரே நாளில் வாங்குவது, கடையிலேயே அட்டை வைத்துப் பார்ப்பது என்று முடிவு. ஐந்தாவது பேனல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம், அது இனி கிடையாது.

இரவல் பேனல்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவருக்கு உதவட்டும் என்று பச்சைப் பேனலின் ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தோம்.

ஒலிப்பெட்டி:
விசிறி?

அரைஇருட்டு:
எடுத்ததெல்லாம் ஒலியில்லாமல் எடுத்துவிட்டோம் அண்ணா. இன்னொரு நாள் கேட்டிருக்கிறேன்.

பழைய_லைட்மேன்:
டேப்பை முன்பக்க ஓரத்தில் ஒட்டியிருந்தால் எடுத்துப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள் தம்பி. வெளிச்சம் பட்டு அந்தச் சிவப்பு வேறு முகத்தில் விழும்.